களப்பெயர் யார் பெயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: பவானியில் தலைமுறைகளாகக் கைத்தறி ஜமக்காளம் நெய்து விற்கும் ஒரு குடும்பம், வெளியூர் வாடிக்கையாளர்களுக்காகச் சொந்த இணையதளம் தொடங்க எண்ணுகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் தானே அமைத்துவிட முடியும் என்கிறாள். கோயம்புத்தூரிலுள்ள வடிவமைப்பு நிறுவனம் ஒன்று பெருந்தொகை கேட்கிறது. எந்த வழி சிறந்தது?
— வாசகர், பவானி

பதில்: முழு வேலையையும் வீட்டிலேயே செய்வதா, முழுவதையும் வெளியாரிடம் ஒப்படைப்பதா என்று பார்ப்பதைவிட, வேலையின் எந்தப் பகுதி எவர் கையில் இருக்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு பயன் தரும். பக்கங்களை வடிவமைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். அவற்றைப் பராமரிப்பதும், அவற்றின் மீதான உரிமையைக் காப்பதும் தொழில் நடக்கும் காலம் முழுவதும் தொடரும்.

எவரிடமும் விட்டுக்கொடுக்கக் கூடாதது களப்பெயர். வாடிக்கையாளர் உலாவியில் தட்டச்சு செய்யும் முகவரியே களப்பெயர் அல்லது டொமைன் எனப்படுகிறது. ‘டாட் இன்’ என்று முடியும் பெயர்களை இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் (நிக்ஸி) நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயர்களும் உண்டு. இவற்றைப் பதிவாளர்கள் எனப்படும் நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணத்துக்குப் பதிவு செய்து தருகின்றன. பதிவு என்பது நிரந்தர உடைமை அன்று, குறித்த காலத்துக்கான பயன்பாட்டு உரிமை மட்டுமே; ஆகவே எவருடைய பெயரும் மின்னஞ்சலும் அந்தக் கணக்கில் உள்ளனவோ அவரால்தான் அதைப் புதுப்பிக்கவும், வேறிடத்துக்கு மாற்றவும், கைவிடவும் முடியும். வடிவமைப்பாளர் நல்லெண்ணத்துடனேயே தம் கணக்கில் பதிவு செய்து தந்தாலும், அவர் தொழிலை மாற்றிக்கொண்டாலோ புதுப்பிக்க மறந்தாலோ, நெசவுக் குடும்பம் பல ஆண்டுகள் பரப்பிய முகவரி அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். எனவே இந்த ஒரு வேலையைக் குடும்பமே, தன் வணிகத்தின் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும், இன்றே செய்துகொள்ள வேண்டும்.

தானே அமைக்க விரும்புவோருக்கு இரு வழிகள் உள்ளன. ஷாப்பிஃபை, விக்ஸ், ஜோஹோ காமர்ஸ் போன்ற வாடகைத் தளங்கள் முதல் வகை. இவற்றில் மாத அல்லது ஆண்டுக் கட்டணம் செலுத்தினால், ஆயத்த வடிவமைப்பும், பக்கங்களைச் சேமித்து வழங்கும் கணினியான சர்வரும், அதன் பாதுகாப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. 2003-இல் வெளியான வேர்ட்பிரஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இது திறமூல மென்பொருள், அதாவது எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை அளிக்கப்பட்ட மென்பொருள். வூகாமர்ஸ் என்னும் செருகுநிரலை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை, இதனுடன் இணைத்தால் முழுமையான கடை உருவாகிவிடும். ஆனால் சர்வருக்கான இடத்தைத் தனியே வாடகைக்கு எடுப்பதும், மென்பொருளையும் செருகுநிரல்களையும் தவறாமல் புதுப்பிப்பதும், நகல் எடுத்து வைப்பதும் உரிமையாளரின் பொறுப்பாகிவிடுகின்றன. வேர்ட்பிரஸ் தளங்களில் ஊடுருவல் பெரும்பாலும் புதுப்பிக்கப்படாத செருகுநிரல்களின் வழியாகவே நிகழ்கிறது.

வாடகைத் தளத்திலும் ஒரு குறை உண்டு. அங்கே உருவாக்கிய பக்கங்களை அப்படியே வேறொரு சேவைக்கு எடுத்துச் செல்ல இயலாது. பொருள்களின் பட்டியலை மட்டுமே பெரும்பாலும் பதிவிறக்கிக்கொள்ள முடியும். ஆயினும் சில பத்து வகை விரிப்புகளை மட்டும் விற்கவுள்ள ஒரு குடும்பத்துக்கு அது தாங்கக்கூடிய குறையே. மகள் படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குச் சென்ற பின்பும், வீட்டிலுள்ள வேறொருவர் விலையையும் இருப்பையும் கைப்பேசியிலேயே மாற்றிவிட முடிவது அதைவிடப் பெரிய நன்மை. ஆகவே இக்குடும்பம் மகளின் கையால், வாடகைத் தளத்தில் தொடங்குவதே பொருத்தமானது. வடிவமைப்பு நிறுவனத்துக்கு என்று எண்ணிய தொகையின் சிறு பகுதியை ஒரு நல்ல புகைப்படக்காரருக்குச் செலவிடுவது மிகுந்த பலன் தரும்; ஜமக்காளத்தின் பட்டைகளின் நிறம் பகல் ஒளியில் எப்படித் தோன்றுகிறதோ அப்படியே படத்தில் தெரியாவிட்டால், வாங்கியவர் திருப்பி அனுப்பும் கனமான சரக்கின் போக்குவரத்துச் செலவு இலாபத்தை விழுங்கிவிடும்.

உள்ளடக்கம் என்பது எந்த நிறுவனமும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாதது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதாவது, குறிப்பிட்ட ஊருக்குரிய தரமும் புகழும் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட பொருள். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், கைத்தறியில் மட்டுமே நெய்யப்பட வேண்டியவற்றின் பட்டியலில் ஜமக்காளத்தையும் சேர்த்துள்ளது. இருந்தும் விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் விற்கப்படுவதாக நெசவாளர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். ஆகவே தறியும் நூலும் எவை, நெய்தவர்கள் யார், கைத்தறி விரிப்பை வாங்குபவர் எவ்வாறு அடையாளம் காணலாம் என்பவற்றை இக்குடும்பம் தன் சொற்களில் எழுதினால், அந்தப் பக்கமே கடையின் முதன்மையான நற்சான்றாக அமையும். நீளமும் அகலமும் அடியிலும் சென்டிமீட்டரிலும், எடை கிலோவிலும், துவைக்கும் முறை தெளிவாகவும் தரப்பட வேண்டும். தமிழ்ப் பகுதிகளை யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் ஒன்றுபோல் படிக்கும் எழுத்துக் குறியீட்டு முறையில், தட்டச்சு செய்வது கட்டாயம். அச்சகங்களில் இன்றும் வழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் எழுதியதையோ, படமாக ஒட்டப்பட்ட எழுத்தையோ தேடுபொறிகள் தமிழாக அறிந்துகொள்வதை நம்பியிருக்க முடியாது.

வெளியாரின் உதவி தேவைப்படும் நிலை பின்னர் வரக்கூடும். மொத்த வியாபாரிகளுக்குத் தனி விலை காட்டுதல், கணக்கு மென்பொருளுடன் இருப்பை இணைத்தல், ஏற்றுமதிக்கென வேற்று நாணயங்களில் விலை கூறல் போன்றவை ஆயத்தக் கருவிகளின் எல்லையைத் தாண்டும்போது தேர்ந்த நிரலாளரை அமர்த்துவதில் தயக்கம் வேண்டியதில்லை. பணம் பெறும் வசதியையோ எந்நிலையிலும் புதிதாக எழுதுவிக்கக் கூடாது. வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுத் தரும் கட்டண வாயில் எனப்படும் சேவையை இணைத்தாலே போதும். அட்டை விவரங்களை வணிகர் தம்மிடம் சேமித்து வைப்பதை இந்திய ரிசர்வ் வங்கியும் 2022 அக்டோபர் முதல் தடுத்துள்ளது.

அவ்வாறு ஒருவரை அமர்த்தும்போது, எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றியமையாதது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. சம்பளம் பெறும் ஊழியர் பணியின் பகுதியாக எழுதிய நிரல், வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளிக்கு உரியது. தனித்து இயங்கும் வடிவமைப்பாளர் கூலி பெற்று எழுதிய நிரலோ, கையெழுத்திட்ட உரிமை மாற்றம் இல்லாதவரை பொதுவாக அவருக்கே உரியது. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அச்சட்டம் கொள்வதால், இவ்விரண்டையும் ஒப்பந்தத்தில் விரிவாக எழுத வேண்டும். கூலி கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்தின் நிலை வேறு. மாறான உடன்பாடு இல்லையெனில் அது எடுக்கச் சொன்னவருக்கே சேரும்.

தளத்தை யார் அமைத்தாலும், நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 விதிக்கும் கடமைகள் விற்பவரையே சேரும்: நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்க்கும் அலுவலர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையின் இணையதளத்தை அமைத்துத் தந்தவர் இப்போது தொடர்பில் இல்லை, களப்பெயரும் அவர் கணக்கில் உள்ளது. புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழி உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: உண்டு, ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. களப்பெயரின் பொதுப் பதிவு விவரத்தில் பதிவாளர் நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் காணக் கிடைக்கும். அத்தேதிக்கு முன்பே, பணம் செலுத்திய ரசீது, பழைய மின்னஞ்சல்கள், கடையின் ஜிஎஸ்டி அல்லது வணிகப் பதிவுச் சான்று ஆகியவற்றுடன் பதிவாளரை அணுக வேண்டும். வடிவமைப்பாளரைத் தேடிப் பிடிக்க முடிந்தால், கணக்கு மாற்றத்துக்கான அங்கீகாரக் குறியீட்டை அவரிடம் கேட்டுப் பெறுவதே சுருக்கமான வழி. கடையின் பெயர் வணிகச் சின்னமாகப் பதிவு பெற்றிருந்து, களப்பெயர் தீய நோக்கத்துடன் பிடித்து வைக்கப்பட்டிருந்தால், ‘டாட் இன்’ பெயர்களுக்கென நிக்ஸி வகுத்துள்ள தகராறு தீர்வு முறையில் நடுவரிடம் முறையிடலாம். இவை நடந்துகொண்டிருக்கும்போதே தளத்திலுள்ள படங்களையும் எழுத்துகளையும் நகல் எடுத்து வைப்பதும், கடையின் பெயரில் இன்னொரு களப்பெயரைப் பதிவு செய்து அதைக் கடைப் பையிலும் வாட்ஸ்அப் வணிகக் கணக்கிலும் கூகுள் வணிக விவரப் பக்கத்திலும் இப்போதே குறிப்பிடத் தொடங்குவதும் நல்லது.