ராஜா ராணிக் கதையின் இருட்டு

ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. மூடுபனியும் சோலைக்காடும் மேட்டில் தனித்து நிற்கும் பழைய துரை பங்களாவும் பார்த்துவிட்டு, ஆங்கில நாவல் படிக்கும் பிள்ளைகள் "அந்தக் கதையில் வருகிற இடம் மாதிரியே இருக்கு" என்கிறார்கள். அவர்கள் சொல்வது ஒரு குறிப்பிட்ட வகை நாவலை. பழைய தேவதைக் கதையை எடுத்து அதன் இருட்டை விரித்து எழுதுவது அந்த வகை. 1984இல் வந்த 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி', 1986இல் வந்த 'லேபிரிந்த்' போன்ற சாகசப் படங்களைச் சிறுவயதில் பார்த்தவர்களின் ஏக்கமும் அதில் கலந்திருக்கும். குழந்தையைத் தூக்கிப்போகும் பூதராஜா, பேசும் மிருகம், உள்ளே போனால் திரும்ப வழி தெரியாத காடு என்று நீளும் உலகம் அது.

இந்த வகையைப் பற்றி நம்மிடையே சில நம்பிக்கைகள் உலவுகின்றன. பெரும்பாலானவை தவறு. பெரும்பாலும் கொங்கு மண்ணில் இருக்கும் சான்றுகளைக் கொண்டே அதைச் சொல்ல முடியும்.

"தேவதைக் கதை குழந்தைகளுக்கானது, அதில் இருட்டைக் கலந்தவர்கள் இன்றைய எழுத்தாளர்கள்"

நடந்தது தலைகீழ். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் தொகுப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரத் தூண்டியவளும் பெற்றவளே. பின்னால் வந்த பதிப்புகளில்தான் இருவரும் மாற்றாந்தாய் ஆனார்கள். கதை இருட்டாகத்தான் பிறந்தது. நடுத்தரக் குடும்பங்கள் வீட்டில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகப் பிறகு அதை வெளுத்தார்கள்.

நம் கதைகளில் அந்த வெளுப்புகூட நடக்கவில்லை. பஞ்சத்தில் பிறந்த வீடு தேடி வந்த நல்லதங்காள், அண்ணி கதவை அடைத்ததும், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிறாள். இந்தக் கதையைக் கூத்தாகவும் பாட்டாகவும் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் கேட்டார்கள்.

கொங்கு நாட்டுக்கே உரிய அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். தெய்வ வரத்தில் பிறப்பு, வருவதை முன்கூட்டி அறியும் தங்கை, பயிரை அழித்து வரும் கொம்பன் என்ற ராட்சசக் காட்டுப்பன்றி, மாயவரின் சூழ்ச்சி என்று மாயக்கதைக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. முடிவில் சங்கர் தன் வாளிலேயே விழுந்து சாகிறான். தம்பியைப் பார்த்த பொன்னரும் உயிரை விடுகிறான். காட்டில் தேடிவந்த தங்காள் அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசிவிட்டு அனுப்புகிறாள். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரிலும் கொங்கு ஊர்கள் பலவற்றிலும் இன்றும் படுகளம் நடக்கிறது. ஆட்கள் அருள் வந்து செத்தவர்களாக விழுவார்கள். தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். எந்த நாவலாசிரியரும் தாளில் செய்ய முயல்வதை ஊரே கூடி உடம்பால் செய்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பகுதியில் தங்கி, இந்தக் கதையை முழுதாகப் பாடக்கேட்டு ஒலிப்பதிவு செய்தார். 1982இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிற்காலத்தில் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார். நம்மில் எத்தனை வீடுகளில் அதைப் பார்த்திருக்கிறோம்?

"டார்க் ஃபேண்டஸி மேற்கத்திய சரக்கு"

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்துத் தாங்களும் உண்கின்றன. சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் புகுந்துகொண்டு கதை சொல்லும் வேதாளம், 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே இருக்கிறது. தமிழ் வீடுகளுக்கு அது விக்கிரமாதித்தன் கதையாக வந்து சேர்ந்தது.

"மந்திரவாதிப் படம் என்றால் விட்டலாச்சார்யா, அதற்கு முன்னால் ஒன்றுமில்லை"

'ஜகன்மோகினி' (1978) தந்த விட்டலாச்சார்யாவின் பெருமையை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் அவர் படங்கள் தமிழில் ஓடுவதற்கு வெகுகாலம் முன்பே மாயாஜாலப் படங்கள் கோயம்புத்தூரில் தயாராயின. இதைக் கோவைக்காரர்களே மறந்துவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

1944இல் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி, பி.யு. சின்னப்பா நடித்த 'ஜகதலப்பிரதாபன்' வெளிவந்தது. தேவலோகப் பெண்களை மணக்க ஆசைப்பட்டதைச் சொன்னதற்காகத் தகப்பனின் கோபத்துக்கு ஆளாகி ஊரைவிட்டு ஓடும் ராஜகுமாரன் கதை. 1947இல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த 'ராஜகுமாரி' எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி, வசனத்தில் இளைஞர் மு. கருணாநிதியின் கை இருந்தது. மந்திரவாதியும் மாயமும் நிறைந்த அசல் ராஜா ராணிக் கதை அது. தமிழ்நாட்டின் அரசியலையே பின்னால் மாற்றப்போகும் இருவர் முதலில் சந்தித்துக்கொண்ட களம் ஒரு மாயாஜாலப் படம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

'மர்மயோகி' (1951) இன்னும் முக்கியம். கே. ராம்நாத் இயக்கம், மறுபடியும் ஜூபிடர். ராபின் ஹூட் சாயலில் ஒரு கரிகாலன், மாக்பெத் சாயலில் அரியணை ஆசை பிடித்த ஒரு பெண், அரண்மனையில் உலவும் ஆவி. அந்த ஆவிக் காட்சிகளுக்காகத் தணிக்கைக் குழு படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. தமிழில் முதன்முதலாக அந்தச் சான்றிதழ் பெற்ற படம் என்றே திரை வரலாற்றில் அது குறிக்கப்படுகிறது. ராஜா ராணிக் கதை குழந்தைகளுக்கு மட்டும் என்பவர்கள் இந்த ஒரு தகவலை நினைவில் வைத்தால் போதும்.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை முழு வண்ணத்தில் எடுத்தது. நாமக்கல் கவிஞரின் நாவலைப் பட்சிராஜா நிறுவனம் 1954இல் 'மலைக்கள்ளன்' ஆக்கியது. ஒரு சாகசப் படத்துக்கு நாவலும் ஸ்டுடியோவும் இந்த வட்டாரத்திலேயே கிடைத்த காலம் அது.

"பயங்கரக் கதை பிள்ளைகளைக் கெடுக்கும்"

வால்பாறைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் ஒரு தாயிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தி சாய்ந்த பிறகு தேயிலைப் பாத்திப் பக்கம் போகாதே, புதர் ஓரம் தனியாக நிற்காதே என்பது அங்கே கதைப் பேச்சு இல்லை. சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்த ஊர் அது. சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியையும் ஓநாயையும் பற்றிய கதை எந்தத் தேவைக்காகப் பிறந்ததோ, அதே தேவை அங்கே ஒவ்வொரு மாலையும் இருக்கிறது. அளவோடு, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து சொல்லும் பயம் பிள்ளைக்கு எச்சரிக்கையைக் கற்றுக்கொடுக்கிறது.

கதை தவறு செய்யும் இடம் வேறு. மிருகத்தை வஞ்சம் பிடித்த அரக்கனாகக் காட்டும்போதுதான் அது பொய்யாகிறது. வால்பாறைச் சிறுத்தைகள் பெரும்பாலும் காட்டு விலங்குகளையே தின்று வாழ்கின்றன. யானைகள் பழி வாங்க வருவதில்லை; தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய காட்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கடக்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் சொல்லவும், செல்போன் அழைப்பில் எரியும் சிவப்பு விளக்குகளை மேடுகளில் வைத்து எச்சரிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. நல்ல மாயக்கதை எழுத நினைப்பவர் அந்தச் சிவப்பு விளக்கிலிருந்தும் தொடங்கலாம்.

"வால்பாறை யார் காலும் படாத மாயவனம்"

இதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் நம்பிக்கை. சுற்றுலாப் படங்களும் அதையே சொல்கின்றன. இந்த மலையில் காடர்கள் காலங்காலமாக வாழ்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, வெள்ளைத் துரைமார்கள் மழைக்காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் அந்தப் பச்சை, கூலிகள் உயிரைக் கொடுத்து நட்டது.

இதைச் சொன்ன நாவல் இருக்கிறது. 1940களில் இந்தத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல், பழைய தொழிலாளர்கள் வாயால் கேட்டதை வைத்து ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட 'ரெட் டீ'. கோவையைச் சேர்ந்த இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' (2013) அதைத் தழுவியது. அது மாய நாவல் அல்ல, நடந்ததன் பதிவு. ஆனாலும் அதன் எலும்புக்கூடு அப்படியே ஒரு தேவதைக் கதை. பஞ்சம் பிடித்த ஊர், அங்கே நல்ல உடுப்பில் வந்து இனிக்கப் பேசும் மேஸ்திரி, கையில் முன்பணம், கருப்பனும் வள்ளியும் நடந்து ஏறும் மலை, கடன் தீரும்வரை இறங்க முடியாத காடு, ஒருநாளும் தீராத கடன். ஹான்சலும் கிரெட்டலும் கண்ட மிட்டாய் வீட்டுக்கும் மேஸ்திரி காட்டிய ஆசைக்கும் நான் வேறுபாடு காணவில்லை. தேயிலைச் செடியின் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று இலங்கைக்குப் போனவர்களிடம் சொல்லப்பட்டதும் இதே தந்திரம்தான்.

மாயமும் வரலாறும் சேராது என்பவர்கள் கியெர்மோ டெல் டோரோவின் 'பான்ஸ் லேபிரிந்த்' (2006) படத்தைப் பார்க்கட்டும். 1944ஆம் ஆண்டு ஸ்பெயினின் பாசிசக் கொடுமை ஒரு சிறுமியின் தேவதைக் கதைக்குள் சொல்லப்படுகிறது. அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்றால், கொங்கு நாட்டுப் பெருமாள்முருகன் 2016இல் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' இருக்கிறது. எங்கிருந்தோ வந்த ராட்சத உருவம் ஒரு கிழவனிடம் ஒரு கறுப்புக் குட்டியைக் கொடுத்துப் போகிறது. அங்கிருந்து விரியும் கதையில் அரசாங்கம் ஆட்டுக்குட்டிக்கும் காது குத்தி அடையாளம் போடுகிறது. ராஜா ராணிக் கதையின் இருட்டும் நம் காலத்தின் இருட்டும் ஒன்றாகச் சேர்ந்த தமிழ் நாவல் அது.

வால்பாறைக்கு இப்படி ஒரு மாயநாவல் இன்னும் எழுதப்பட வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் அந்த லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: வேலை குறைந்து குடும்பங்கள் சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருப்பதால், பாட்டியும் தாத்தாவும் சொல்லும் பேய்க்கதை, காட்டுக்கதை, துரை பங்களாக் கதை எல்லாவற்றையும் இந்த வருடமே செல்போனில் பதிவுசெய்து வையுங்கள்.