தனி மரத்தைப் படம் பிடிக்கத் தோதான 12 குறிப்புகள்

வெட்டவெளியில் ஒற்றைப் பனையையோ கருவேலத்தையோ படம் எடுக்க, ஆவடிப் பக்கத்துக்காரர்கள் ஊட்டி வரை போக வேண்டியதில்லை. 2019-ல் நடைபாதை, படகுச் சவாரியோடு திறந்த பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை இருக்கிறது. கையில் உள்ள செல்போனே தாராளம்!

1. சமையலறையிலிருந்து நேரே கிளம்பினால் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டு ஒன்றைப் பையிலேயே போட்டு வையுங்கள். லேசாக வாயால் ஊதித் துடைத்தால் படம் பளிச்.

2. மரத்துக்குப் பின்னால் அடுக்குமாடி வந்து கெடுக்கிறதா? கரைச் சரிவில் இறங்கிக் குத்துக்காலிட்டு, போனை முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். கட்டடம் புல்லுக்குள் பதுங்கிவிடும். கரண்ட் கம்பம்தான் தொல்லை என்றால், இரண்டடி நகர்ந்து அதை அடிமரத்துக்குப் பின்னால் ஒளித்துவிடலாம்.

3. சூரியன் மறைய எவ்வளவு நேரம் என்று தெரிய, கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்குங்கள். சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே ஒரு முஷ்டி இடைவெளி என்றால் சுமார் 40 நிமிஷம் பாக்கி. ஒரு டீ குடித்துவிட்டே போகலாம்.

4. மரத்துக்கு நேர் பின்னே உதயம் வர வேண்டுமா? ஜூன் கடைசியில் பார்த்து வைத்த இடத்தில் டிசம்பர் கடைசியில் போய் நின்றால், சூரியன் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி வலப்பக்கம் தள்ளி எழும். முந்தின நாளே பார்த்து வைத்தால் விடிகாலை அலைச்சல் மிச்சம்.

5. உச்சி வெயிலில் போய்க் காய வேண்டாம். இலையெல்லாம் வெளிறிப் போகும். ஏப்ரல் 25, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி மட்டும் போகலாம். அப்போது நம்ம ஊரில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவதால், நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

6. சாயங்காலம் மரம் கறுப்பாகவும் வானம் செக்கச்செவேலென்றும் வர, திரையில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியப் பொட்டைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். ஃபில்டர் ஆப் எதற்கும் காசு கட்ட வேண்டாம்.

7. ஏரித் தண்ணீர் கண்ணைக் கூசினால், போலராய்டு கூலிங்கிளாஸை லென்ஸுக்கு முன்னால் வைத்து மெல்லத் திருப்புங்கள். சூரியன் பக்கவாட்டில் இருந்தால் கூச்சம் நன்றாக அடங்கும். லென்ஸில் நேராக வெயில் விழுந்தால் குடையை மறைவாகப் பிடியுங்கள்.

8. ஜோடி தொலைந்த சாக்ஸில் கால் கிலோ வண்டரித்த அரிசியைப் போட்டு முடிச்சிட்டால் ஸ்டாண்டு தயார். கல் மேலோ வண்டி சீட்டிலோ வைத்து, போனை அதில் அழுத்தி உட்கார வையுங்கள். 3 விநாடி டைமர் போட்டால், இருட்டிய பிறகும் படம் ஆடாது.

9. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் சின்னக் குட்டை கிடைத்தால் விடாதீர்கள். போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தண்ணீரை ஒட்டி இருக்கும்படி பிடியுங்கள். சாண் அகலக் குட்டையிலும் முழுப் பனையும் விழும்.

10. பனந்தலை அளவுக்கு நிலா பெரிதாகத் தெரிய, தலையின் அகலத்தைப் போல 110 மடங்கு தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். 3 மீட்டர் தலைக்கு 330 மீட்டர். பௌர்ணமிக்கு முதல் நாள் போவது உத்தமம். அன்று பொழுது சாய்வதற்குள் நிலா எழுந்துவிடும், மரமும் தெளிவாகத் தெரியும்.

11. வற்றிய ஏரியில் மேல்மண் வெடித்திருந்தாலும் உள்ளே சேறு இருக்கும். குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் எல்லாம் இருக்கின்றன. அந்த மதில்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், அனுமதியில்லாமல் ட்ரோனும் வேண்டாம்.

12. ஒரே மரத்தை ஒரே கல்லில் நின்று சித்திரை, ஆடி, கார்த்திகை, தையில் எடுத்தால் வீட்டுக் காலண்டருக்குப் படம் ரெடி. 4x6 பிரிண்டில், படுக்கைவசப் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும்; மேலும் கீழும் இடம் விட்டே எடுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் தெளிவு குறையாது, பொங்கல் பரிசுச் செலவும் பிரிண்ட் காசோடு முடிந்துவிடும்.