கைப்பேசியில் நேரலைத் தொலைக்காட்சி

கைப்பேசி வலையமைப்பில் நேரலை பார்ப்போர் ஒவ்வொருவருக்கும் காட்சி தனித்தனியே அனுப்பப்படுகின்றது. ஒரு கோபுரத்தின் கீழ் நூறு பேர் ஒரே ஆட்டத்தைப் பார்ப்பின், அது நூறு முறை செல்லும். நெரிசலில் படம் தடைப்படுவது இதனாலேயே.

ஒரே அலையை அனைவரும் பெறும் 4ஜி ஒளிபரப்பு முறையை, 2015 மே 30 அன்று வெம்பிளியில் நடைபெற்ற எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தின்போது பிபிசியும் இஇ நிறுவனமும் சோதித்தன. பார்ப்போர் பெருகினும் வலையமைப்பின் சுமை பெருகாது. எனினும் பிரித்தானியாவில் அம்முறை பொதுப் பயன்பாட்டிற்கு வரவில்லை. ஆதலால் வெளியில் பார்ப்போரின் தரவே செலவாகின்றது. வீட்டில் வைஃபை சிக்கனமானது.

எவ்வழியில் வரினும், சென்னை அலைவரிசையே ஆயினும், நேரலைக்குத் தொலைக்காட்சி உரிமம் தேவை. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். வீட்டு உரிமம் வெளியில் கைப்பேசிக்கும் பொருந்தும். ஆனால், பலர் அறியாத நுணுக்கம் ஒன்றுண்டு: உரிமமற்ற வேறொரு முகவரியில் கைப்பேசியை மின்செருகியில் இணைத்துப் பார்ப்பின் அது பொருந்தாது.