நார்வே கரையோரம்: ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஒரு கப்பல்

கப்பல் பயணம் என்றதும் நீச்சல் குளம், சூதாட்டக் கூடம், ராத்திரி ஆட்டம் பாட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொல்வது நார்வேயின் கரையை ஒட்டியே பேர்கனிலிருந்து வடகிழக்குக் கோடியில் இருக்கும் கிர்க்கெனெஸ் வரை போய்த் திரும்பும் கப்பல். 1893-ல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் தபாலும் சரக்கும் ஆட்களும் ஏற்றிப்போகத் தொடங்கிய தடம் இது. இப்போது ஹூர்டிகுருட்டன், ஹாவிலா என்ற இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. போகவர 12 நாள், 34 துறைமுகம். நம்மூர் டவுன் பஸ் மாதிரி ஊருக்கு ஊர் நின்று, ஆளை இறக்கி, சரக்கை ஏற்றிக்கொண்டு நகரும்.

வயதான தம்பதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயணம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. தினம் பெட்டி கட்டி ஓட்டல் மாற வேண்டாம். லிஃப்ட் உண்டு. என் வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அவர் மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதி நார்வேயைப் பார்த்துவிட்டார்.

விசா, செலவு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசா வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சென்னையிலிருந்து ஒரு விமானமாவது மாறிப் போக வேண்டியிருக்கும். பேர்கன் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் டிராம் வருகிறது. கோடையில்தான் கட்டணம் அதிகம், அதனால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஜன்னல் இல்லாத அறை மலிவு. பகலெல்லாம் வெளியேதான் இருப்பீர்கள் என்பதால் அதுவே போதும். கார்டு எங்கும் செல்லும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டு, ஊறுகாயும் பருப்புப் பொடியும் கையோடு கொண்டுபோங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. கப்பல் பெரும்பாலும் தீவுகளின் மறைவில் போவதால் ஆட்டம் குறைவு. ஆனால் முதல் ராத்திரி ஸ்டாட் முனையிலும், போடோவைத் தாண்டி வெஸ்ட்ஃபியோர்டிலும் திறந்த கடல். வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

ஓலசுண்டை இறங்கிப் பாருங்கள். 1904 ஜனவரியில் ஒரே ராத்திரியில் ஊரே எரிந்துபோக, அடுத்த சில வருஷங்களில் கல்லும் செங்கல்லுமாகப் புதிதாகக் கட்டினார்கள். கூரான கோபுரங்கள், வாசல்களில் பூ வேலைப்பாடு என்று தெருவுக்குத் தெரு அழகு. அக்ஸ்லா குன்றுக்கு 418 படி, முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே நடந்தால் போதும். கோடையில் அங்கிருந்து கப்பல் கைராங்கர் ஃபியோர்டுக்குள் நுழைந்து வரும். 'ஏழு சகோதரிகள்' அருவியைக் கப்பலிலிருந்தே பாருங்கள். கரையில் இறங்கினால் கூட்டம்தான். ட்ரோன்ஹைமில் நிடரோஸ் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள்.

நான்காம் நாள் காலை ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும்போது, பனிக்கட்டித் தண்ணீரைக் கழுத்துக்குப் பின்னால் ஊற்றுவார்கள். இஷ்டமிருந்தால் குனியுங்கள். அதற்கு மேலே கோடையில் இருட்டே இல்லை. ட்ரொம்சோவைத் தாண்டியபின் நடுநிசியில் ஒருமுறை தளத்துக்கு வாருங்கள். மே கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை, மேகம் இல்லையென்றால், சூரியன் கடலுக்குமேல் தணிந்து வந்து, முங்காமலே மறுபடி ஏறும். எங்களோடு நின்ற ஒரு ஜெர்மானியப் பாட்டி வாய்விட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது.

நோர்ட்காப்புக்கு மட்டும் போகாதீர்கள். ஹோனிங்ஸ்வோகில் கப்பல் நின்றதும் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள் என்று நாங்களும் பணம் கட்டிப் போனோம். 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, ஐரோப்பாவின் வடகோடி என்று விளம்பரம். உண்மையில் பக்கத்திலிருக்கும் க்னிவ்ஷெல்லோடன் முனைதான் அதைவிட வடக்கே நீண்டிருக்கிறது. அன்று ராட்சத உல்லாசக் கப்பல் ஒன்றும் வந்திருந்தது. வரிசையாகப் பஸ்கள், கழிப்பறைக்கு முன் நீண்ட வரிசை. அங்கே நிற்கும் இரும்பு உலக உருண்டைக்குக் கீழே படமெடுக்க ஒரே அடிதடி. கொடி பிடித்த வழிகாட்டி ஒருவர் தன் குழுவுக்கு இடம் பிடிக்க என் வீட்டுக்காரரைத் தோளால் இடித்துத் தள்ளினார். எழுபது வயது மனிதர், கையில் ஊன்றுகோல், தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மன்னிப்பு வார்த்தைகூட வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பணத்தில் நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு, ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்தில் காலாற நடந்துவிட்டு வாருங்கள்.

கிர்க்கெனெஸில் இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை.

அங்கேயே இறங்கி விமானம் பிடித்துவிடலாம் என்று பலர் பாதிப் பயணத்துக்கு மட்டும் சீட்டு எடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போகும்போது ராத்திரியில் கடந்த ஊர்களெல்லாம் வரும்போது பகலில் வரும், இந்தப் பயணத்தின் உயிரே அதுதான். ஃபின்மார்க் பகுதியின் சின்னச் சின்ன மீன்பிடி ஊர்களைத் தளத்தில் நின்று பாருங்கள். 1980-களில் இலங்கைத் தமிழர் பலர் அங்குள்ள மீன் ஆலைகளில் வேலைக்கு வந்தார்கள். மரமே இல்லாத அந்த மொட்டைப் பாறைகளையும், மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத குளிர்காலத்தையும் நினைத்தபோது, வெயிலில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நெஞ்சு கனத்தது.

எட்டாம் நாள் பிற்பகல் ஓக்ஸ்ஃபியோர்டில் கப்பல் கொஞ்ச நேரமே நின்றது. பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஒரு வாஷிங்மெஷினையும் தக்காளிப் பெட்டிகளையும் இறக்கி, மீன் பெட்டிகளை ஏற்றியது. ஒரு பையன் சைக்கிளோடு இறங்க, காத்திருந்த தாத்தா அவன் பையை வாங்கிக்கொண்டார். கயிறு அவிழ்ந்தது. அந்த ஊருக்கு இந்தக் கப்பல் எவ்வளவு முக்கியம் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் ஸ்டோக்மார்க்னெஸில் பழைய கப்பல் ஒன்றையே கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்திருக்கும் அருங்காட்சியகம் உண்டு, எட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியம், அதற்கப்புறம் வரும் ட்ரோல்ஃபியோர்ட். வானிலை ஒத்துழைத்தால் கப்பல் உள்ளே நுழையும். வாயில் அகலம் சுமார் 100 மீட்டர்தான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், பனி உருகி ஒழுகும் தண்ணீர். உள்ளே போய், நின்ற இடத்திலேயே கப்பல் அப்படியே திரும்பும். அரை மணி முன்பே முன்தளத்தில் இடம் பிடித்துவிடுங்கள். தொப்பியும் காற்றுபுகாத ஜாக்கெட்டும் ஜூலையிலும் வேண்டும்.

கப்பல் பேர்கனுக்குத் திரும்புவது பிற்பகலில். அன்று ராத்திரியே விமானம் போடாமல் ஒரு நாள் தங்குங்கள். ஃப்ளோயன் மலைக்குக் கேபிள் ரயில் ஏறிப் போகிறது, படி ஏறும் வேலை இல்லை. மீன் சந்தையில் விலையைக் கேட்காமல் தட்டில் எதையும் வைக்கச் சொல்லாதீர்கள். குடை கட்டாயம், அந்த ஊரில் மழை விடுவதே அபூர்வம்.