முதுகில் நீர் எடுத்ததால் காது போகவில்லை

கேள்வி: நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் தோல் மண்டியில் உப்புத்தோல் ஏற்றி இறக்குகிறார். போன மாதம் என் நாத்தனாரின் எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் கேட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்சம் விட்ட மாதிரி இருந்து, மூன்றாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. மூளைக்காய்ச்சலாக இருக்கும், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பெரியவர்கள் தடுத்ததில் ஒரு நாள் போயிற்று. பிறகு எடுத்தார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் இப்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை. நீர் எடுத்ததால்தான் காது போயிற்று என்கிறார் மாமியார். என் கணவர் தோல் வாடையோடு வந்து அவனைத் தூக்கியதால்தான் நோயே வந்தது என்று நாத்தனார் வீட்டில் பேச்சு. எனக்கு மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கிறது. தங்கை வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். இவர்களுக்கும் வருமா?
— வாசகி, ஆம்பூர்

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பிள்ளைக்குக் காது சோதனை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் இந்த வாரமே அழைத்துப் போகச் சொல்லுங்கள். பிள்ளை தூங்கும்போதே தலையில் சில கம்பிகளை ஒட்டி, சத்தம் மூளைவரை போகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனை அது. வலிக்காது. கொஞ்சம் வளரட்டும், தானாகக் கேட்கும் என்று காத்திருக்கக் கூடாது. பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்த சில பிள்ளைகளுக்கு உள்காதின் நத்தை வடிவக் குழல், நோய் முடிந்த சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கிவிடும். அடைபட்ட குழலுக்குள், கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியைச் செலுத்துவது மிகவும் கடினம். சிறு குழந்தைகளுக்கு அந்தக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு. பணத்துக்காகத் தயங்க வேண்டாம்.

உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்கிறேன். காதைக் கெடுத்தது நோய், ஊசி அல்ல. மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் உள்காதுக்கும் இடையே மெல்லிய பாதை ஒன்று இருக்கிறது. கிருமியும் அழற்சியும் அந்த வழியாகப் போய்க் காதைத் தாக்குகின்றன. நீர் எடுக்கும் இடம் இடுப்புக்கு நேரே, முதுகின் கீழ்ப்பகுதி. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடத்தில் நரம்பு இழைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும், ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். எடுப்பது சில துளிகள்தான். உடல் சில மணி நேரத்தில் அதை மறுபடி ஊறவைத்துவிடும். மூளைக்காய்ச்சல் முற்றிக் கால் விளங்காமல் போன பிள்ளைகளைப் பார்த்தவர்கள், அவர்களுக்கு ஊசி போட்டதையும் பார்த்திருப்பார்கள். பழி ஊசியின் மேல் விழுந்துவிட்டது.

அந்தச் சில துளிகள் சொல்லும் செய்தி பெரியது. நல்ல நீர் பளிங்காக இருக்கும். பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் அரிசி கழுவிய நீர் போலக் கலங்கியிருக்கும். சீழணுக்கள் ஏறியிருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும். பாக்டீரியா என்றால் பத்துப் பதினான்கு நாள் ஊசி மருந்து. காசநோய் மூளைக்காய்ச்சல் என்றால் ஓர் ஆண்டு அளவுக்கு மாத்திரை. வைரஸ் என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நீர் எடுக்க வீட்டார் சம்மதிக்காவிட்டாலும் நாங்கள் ஊசி மருந்தைத் தொடங்கிவிடுவோம், உங்கள் நாத்தனார் பிள்ளைக்கும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். ஆனால் மருந்து ஏறிய சில மணி நேரத்திலேயே நீரில் கிருமி வளராமல் போய்விடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமலே வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

என்னைக் கேட்டால், அந்த ஒரு நாளைவிட மெடிக்கலில் வாங்கிய மருந்துதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. சீட்டில்லாமல் கொடுக்கும் அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் போன்ற சிரப்புகள் மூளை நீரில் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சேர்வதில்லை. ஆனால் காய்ச்சலை லேசாகத் தணித்துக் காட்டும். நீங்கள் எழுதிய அந்தக் 'கொஞ்சம் விட்ட மாதிரி' அதுவாக இருக்கலாம். ஒரு நாள் லீவு போட்டால் கூலி போகும், அதனால்தான் மெடிக்கலுக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். காய்ச்சலோடு பால் குடிக்க மறுத்தாலோ, கீச்சென்று வழக்கத்துக்கு மாறாக அழுதாலோ, தூக்கினால் இன்னும் அதிகமாக அழுதாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, அன்று மெடிக்கல் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலேகூட இந்த நோய் இருக்கும்.

உங்கள் கணவர் மேல் வந்த பேச்சு தவறு. குழந்தைகளுக்கு இந்த நோயைக் கொண்டுவரும் முக்கியக் கிருமிகளான நிமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ் மூன்றும் மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருப்பவை. நலமாக இருப்பவரிடமிருந்தே இருமல், எச்சில் வழியாகப் பரவும். தோலில் அவை வாழ்வதில்லை. தோல் தொழிலோடு சேர்ந்து வரும் கிருமி வேறு: அடைப்பான். ஆட்டையும் மாட்டையும் கொல்லும் அந்த நோய் மிக அரிதாக மனித மூளைக்கும் ஏறும். அப்படிப்பட்ட ஒரு பரவலை வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 1994-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அது உங்கள் மருமகனுக்கு வந்த நோய் அல்ல. ஆனால் பச்சைத்தோலும் உப்புத்தோலும் தூக்குபவர் என்பதால் உங்கள் கணவர் கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொண்டு, கையுறை போட்டு வேலை செய்யட்டும். கையிலோ கழுத்திலோ வலியே இல்லாமல் நடுவில் கறுத்துப் பொருக்குக் கட்டிய புண் வந்தால், அன்றே டாக்டரிடம் காட்டித் தன் வேலையையும் சொல்லட்டும்.

உங்கள் கைக்குழந்தை விஷயம். சி.எம்.சி ஆராய்ச்சியாளர்கள் 1997 முதல் 1999 வரை வேலூர் மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது, ஹிப் மூளைக்காய்ச்சல் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 7 பேருக்கு வந்தது. ஒரு வயது நிறையாத குழந்தைகளில் அதே கணக்கு 32. இந்தக் கிருமிகள் சர்க்கரைப் பொருளால் ஆன உறையைப் போர்த்தியிருக்கின்றன. இரண்டு வயதுவரை குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்கு அந்த உறையை அடையாளம் தெரிவதில்லை. உறைப்பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த தடுப்பூசி அந்த அடையாளத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ஹிப் அடங்கிய பென்டாவலன்ட் ஊசி அரசுத் திட்டத்தில் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும், 2011 டிசம்பரில். நிமோகாக்கஸ் ஊசி இங்கே 2021-இல் வந்தது. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

தாய்சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதம் முடிந்த பிள்ளைக்கு பென்டாவலன்ட் 6, 10 வாரங்களிலும், நிமோகாக்கஸ் 6 வாரத்திலும் போட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் அடுத்தது 14 வாரத்தில், அதாவது இப்போதே. நிமோகாக்கஸ் பூஸ்டர் 9 மாதத்தில். தாய்வீடு போனதில் விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். நாத்தனார் பிள்ளையின் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஹிப், மெனிங்கோகாக்கஸ் என்று இருந்தால், அவனோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். நிமோகாக்கஸ் என்றால் வேண்டாம்.

ஹாஸ்டலில் பரவக்கூடியது மெனிங்கோகாக்கஸ். டெல்லியில் 2005-இல் அது கொள்ளைநோயாகவே பரவியது. நம் பக்கம் அரிது என்பதால் அதற்கான ஊசி அரசின் பொதுத் திட்டத்தில் இல்லை. உங்கள் ஊரிலிருந்து ஹஜ் போகிறவர்கள் மட்டும் புறப்படும் முன் கட்டாயம் போட்டுக்கொள்கிறார்கள். தங்கைக்கு இப்போது அந்த ஊசி அவசியமில்லை. வெளிநாட்டில் படிக்கப் போனால் அங்கே கேட்கலாம். அறைத் தோழிகளோடு இதை மட்டும் பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: யாருக்காவது காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனால் 'தூங்கி எழுந்தால் சரியாகும்' என்று அறையில் தனியே விட்டு வகுப்புக்குப் போகக் கூடாது. அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாநிறத் தோலில் அவை எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வார்டனின் அனுமதிக்குக் காத்திராமல், நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.