செம்பட்டை முடிக்கு வெள்ளைக்காரனைத் தேடாதீர்கள்

சேலம், நாமக்கல் பக்கம் குழந்தை வைத்தியம் பார்க்கிற எவரும் இந்தப் பேச்சுக்குத் தப்ப முடியாது. பிள்ளையின் தலை கொஞ்சம் செம்பட்டையாக இருந்தால் போதும். கூட வந்த பெரியம்மாவோ, அடுத்த நாற்காலியில் காத்திருப்பவரோ ஆரம்பித்துவிடுவார்: "ஏற்காட்டுத் துரைமாருங்க காலத்து ரத்தமுங்க. சங்ககிரிக் கோட்டையில வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்துச்சில்லீங்க, அந்த வகையறாவா இருக்கும்." சொல்கிறவர் சிரிக்கிறார், பெற்றவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். வரலாறு பேசுவதாக நினைத்துக்கொண்டு அவளுடைய வம்சத்துக் கற்பை நாலு பேர் முன்னால் விசாரிக்கிறார்கள். படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். அவர்கள் "ஜீன்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எனவே ஜீனிலிருந்தே தொடங்குவோம்.

நம்பிக்கை: செம்பட்டை முடி என்றால் வெள்ளைக்காரக் கலப்பு.

உண்மை: இயற்கையான செந்நிற முடி வெள்ளைக்காரர்களிடமே அபூர்வம். உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். அதிகம் என்று பெயரெடுத்த ஸ்காட்லாந்தில்கூடப் பெரும்பாலானவர்களுக்குப் பழுப்பு முடிதான். மனித முடியில் இரண்டு நிறமிகள் உண்டு: கருப்பும் பழுப்பும் தருவது யூமெலனின், செம்மஞ்சள் தருவது ஃபியோமெலனின். எதை அதிகம் தயாரிப்பது என்று முடிவு செய்யும் முக்கியமான விசை, 16ஆவது குரோமோசோமில் உள்ள எம்சி1ஆர் என்ற மரபணு. அந்த விசை சரியாக வேலை செய்யாதவர்களுக்கு ஃபியோமெலனின் மேலோங்கி முடி சிவக்கிறது என்று 1995இல் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊர் வம்ச ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. இது ஒடுங்கு பண்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று மாறிய மரபணு இரண்டு பிரதிகள் வந்து சேர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் முடி பெரும்பாலும் சிவப்பதில்லை. இரண்டும் வந்தால்கூட நிச்சயமில்லை. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பிரதிகளும் உள்ளவர்களில் பலருக்குப் பொன்னிறமோ இளம்பழுப்போதான் இருந்தது. இன்னும் பல மரபணுக்கள் ஒத்துழைத்தால்தான் அசல் செம்முடி.

இப்போது நம் மாவட்டக் கணக்கு. திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கம்பெனி கைக்கு வந்தது 1792இல். கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடியைக் கொண்டுவந்தது 1820களில். வாதத்துக்காக, அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு குடும்பத்தின் மூதாதை என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குச் செம்முடி இருந்தது என்றும் தாராளமாக விட்டுக்கொடுப்போம். 25 ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் இன்றைய குழந்தைக்கு அவர் எட்டாம் தலைமுறைப் பாட்டன். அந்தத் தலைமுறையில் குழந்தைக்கு 256 மூதாதையர் இடங்கள் உண்டு, அவருடையது அதில் ஒன்று. அவருடைய செம்முடி மரபணு ஒரு பிரதியாவது அந்தக் குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு 128இல் 1. அப்படி வந்தாலும் ஒற்றைப் பிரதி. முடி கருப்பாகத்தான் இருக்கும்!

"நம்மூர்ல மாமன் மகளைக் கட்டுவோமே, இரண்டு பக்கமும் ஒரே பாட்டன் வந்தால்?" என்று கெட்டிக்காரர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. சொந்தத்தில் கட்டினால் ஒடுங்கு பண்புகள் வெளியே வரும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். ஆனால் பரம்பரையாக வந்த செம்முடி வேர்க்காலிலிருந்தே சிவப்பு. புருவம், இமைமயிர் எல்லாம் அதே ஜாடை. கோடைக்கு வந்து மழைக்குப் போகாது. என்னிடம் கொண்டுவரும் பிள்ளைகளின் தலையைப் பிரித்துப் பார்த்தால் வேர் கருப்பு, நுனி செம்பட்டை. புருவம் கன்னங்கரேல். எந்தத் துரைமகனும் முடியின் நுனியில் மட்டும் தன் ரத்தத்தை விட்டுச்சென்றதில்லை.

இன்னொன்று. முடி வெளிறினால் அதற்கு ஐரோப்பாதான் மூலம் என்ற எண்ணமே தப்பு. பசிபிக் கடலில் சாலமன் தீவுகளில் கருந்தோல் மக்களிடையே பத்துப் பேரில் ஒருவர் வரை பொன்முடிக்காரர்கள். கப்பலில் வந்த ஐரோப்பியர் விட்டுச்சென்ற மிச்சம் என்றுதான் அங்கேயும் பேசிக்கொண்டார்கள். 2012இல் மரபணுவைப் பார்த்தபோது, அது அந்த மண்ணிலேயே தோன்றிய தனி மாற்றம், ஐரோப்பியரிடம் இல்லாத ஒன்று என்று தெரிந்தது. நம் நாட்டுக்கும் சான்று வேண்டுமா? செம்பட்டை முடியுள்ள பெண்ணை மணக்கக் கூடாது என்று மனுஸ்மிருதி தடை போடுகிறது. தடை மடத்தனம், அது வேறு விஷயம். ஆனால் கம்பெனிக் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த நாட்டில் அப்படிப்பட்ட முடி இருந்ததால்தானே தடை போடத் தோன்றியது?

சரி, நம் பிள்ளைகளின் தலை ஏன் சிவக்கிறது? பெரும்பாலும் வெயில். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒரு சாண் முடியின் நுனி ஒன்றரை வருடத்துக்கும் மேலாக வெயில் தின்றது. புற ஊதாக் கதிர் யூமெலனினைச் சிதைக்கச் சிதைக்க நுனி வெளுத்துச் செம்பட்டையாகிறது. செங்கல் சூளையிலும் மரவள்ளிக் காட்டிலும் அம்மாவோடு நாள் முழுக்கத் திரியும் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். சில குழந்தைகளுக்குச் சின்ன வயதில் முடி இளம்பழுப்பாக இருந்து, பள்ளிக்கூடம் போகும் வயதில் தானாகக் கறுக்கும். இவற்றுக்கு வைத்தியமே வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் என்னைக் கோபப்பட வைப்பது. அது தட்டில் இருக்கிறது. மெலனின் தயாராவது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, அது புரதத்தின் துண்டு. சாப்பாடு நெடுநாள் போதாமல் போனால் முடி நிறமிழந்து, மெலிந்து, இழுத்தால் வலியில்லாமல் கையோடு வரும். இடையில் சில மாதம் நன்றாகச் சாப்பிட்டிருந்தால் ஒரே முடியில் கருப்புப் பட்டையும் செம்பட்டைப் பட்டையும் மாறி மாறித் தெரியும், பிள்ளை எப்போது சாப்பிட்டது எப்போது பட்டினி கிடந்தது என்று வரவு செலவு எழுதிய கணக்கு நோட்டு மாதிரி. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் இன்றைய கானா நாட்டில் இந்த நோயை விவரித்து 1933இல் எழுதினார். குவாஷியோர்கர் என்று பெயர். கால் வீக்கம், தோல் உரிதல், சிவந்த முடி, எதிலும் நாட்டமில்லாத முகம்.

இதை இந்தியாவில் ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? 1918இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். முதலில் குன்னூரிலும் பிறகு ஹைதராபாத்திலும் இயங்கிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநர். நூறு வயதைக் கடந்து 2019இல் மறைந்தார். புரதம் மட்டும் குறைந்ததல்ல பிரச்சினை, வயிறு நிறையாததும் சேர்ந்துதான் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். ஒரே மாதிரிச் சாப்பாட்டில் ஒரு குழந்தை வீங்குகிறது, இன்னொரு குழந்தை எலும்பாக வற்றுகிறது என்று காட்டியவர். ஏற்காட்டுத் துரை பெயர் ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது, கோபாலன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

முற்றிய குவாஷியோர்கர் இன்று நம் மாவட்டங்களில் அரிது. ஆனால் அரைகுறைப் பட்டினி போய்விடவில்லை. எடை ஏறாத பிள்ளையின் செம்பட்டைத் தலையைப் பார்த்து "துரை மாதிரி இருக்கான்" என்று கொஞ்சுகிற வீட்டில், யாரும் எடை பார்க்கப் போவதில்லை. இந்த வதந்தியின் உண்மையான சேதம் அதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம்.

நம்பிக்கை: எண்ணெய் வைக்காததால்தான் செம்பட்டை.

உண்மை: எண்ணெய் பளபளப்பைத் தரும், முடி ஒடிவதைக் குறைக்கும். போன நிறமியைத் திரும்பக் கொண்டுவராது. எண்ணெய்த் தலை கருப்பாகத் தெரிவது ஈரத்துணி கருமையாகத் தெரிவதைப் போன்ற கண் மயக்கம்.

நம்பிக்கை: போர் தண்ணியில் குளித்தால் முடி சிவக்கும்.

உண்மை: திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்குப் பிடிக்கவைக்கும். ஒரே போரில் குளிக்கும் அப்பா, அம்மா, மூத்தவன் தலையெல்லாம் கருப்பாக இருக்க, இளையவன் தலை மட்டும் சிவப்பானால் தண்ணீர் என்ன செய்யும்?

நம்பிக்கை: மொட்டை போட்டால் கருகருவென்று முளைக்கும்.

உண்மை: வெளுத்த நுனி போய்ப் புது வேர் தெரிகிறது. வெயில் அதையும் வெளுக்கும். முனியப்பனுக்கு வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள், வைத்தியமென்று போடாதீர்கள்.

நம்பிக்கை: செம்முடிக்காரர்கள் நியாண்டர்தால் வழி வந்தவர்கள், சீக்கிரம் உலகிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

உண்மை: வாட்ஸ்அப் பல்கலைக்கழகத்தின் இரண்டு பாடங்கள், இரண்டும் தப்பு. 2007இல் நியாண்டர்தால் எலும்பில் கிடைத்த எம்சி1ஆர் மாற்றம் இன்றைய செம்முடிக்காரர்களிடம் இருப்பதல்ல. ஒடுங்கு மரபணு கருமுடிக்காரர்களிடமும் ஒளிந்து தலைமுறை கடக்கும், அது அவ்வளவு லேசில் அழியாது.

நம்பிக்கை: பிறவியிலேயே முடியும் தோலும் வெளுத்திருந்தால் அது சாபம், அல்லது மறுபடியும் அதே துரை.

உண்மை: அது அல்பினிசமாக இருக்கலாம். மெலனின் தயாரிப்பிலேயே ஏற்படும் பிறவிக் குறை. முடி வெண்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். வெளிச்சத்தில் கண் கூசும், கருவிழி ஆடிக்கொண்டே இருக்கும். மந்திரிக்க வேண்டாம். கண் மருத்துவரிடம் போங்கள், கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை கொடுங்கள், வகுப்பில் முன் வரிசையில் உட்கார வையுங்கள். சொந்தத்தில் கட்டும் வழக்கம் உள்ள குடும்பங்கள் அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

செம்முடி அழகில்லை என்று நான் சொல்லவில்லை. நரைக்கு மருதாணி பூசிச் சிவந்த தலையோடு நம் பெரியவர்கள் மிடுக்காக நடந்தார்கள். சேலம் ஐந்து ரோட்டு பார்லரில் ஆயிரக்கணக்கில் கொட்டிச் செம்பு நிறம் ஏற்றிக்கொள்கிற அக்காக்களையும் நான் குறை சொல்வதில்லை. அதே நிறம் கூலிக்காரர் பிள்ளை தலையில் இருந்தால் மட்டும் "டேய் செம்பட்டை" என்று கூப்பிடுகிறீர்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

செம்பட்டைத் தலையைப் பார்த்தால் செய்ய வேண்டியது மூன்று. அங்கன்வாடியில் எடை பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேல்கைச் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் சற்று அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நின்றால் அதுவும் அவசரம். மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலும் வெயில்தான், நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையில் இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1940களில் இங்கே வேரூன்றிய தொழில், சேகோசர்வ் சங்கமே சேலத்தில்தான். தொழில் வாழட்டும். ஆனால் ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. நூறு கிராமில் அரை கிராம் புரதம்கூடக் கிடையாது. லேசில் செரிக்கும், குளிர்ச்சி என்று ஆறு மாதக் குழந்தைக்கு ஆரம்பித்து ஒரு வயது வரை ஜவ்வரிசிக் கஞ்சியிலேயே ஓட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். தினமும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு "முட்டை சூடுங்க, கட்டி வருமுங்க" என்று அம்மிச்சிகள் தடுப்பதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1982இல். அதில் முட்டை சேர்ந்தது 1989இல். பள்ளிப் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுப்பதை வீட்டுக் கைக்குழந்தைக்கு நாம் ஏன் மறுக்கிறோம்? முட்டை ஆகாத வீடென்றால் கொள்ளு, கடலை, பாசிப்பயறு, ராகியை வறுத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சுங்கள். ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள், வயிறு நிறையக் கொடுங்கள்.

சிகரெட் அட்டையில் எச்சரிக்கை போடுகிறோம். ஜவ்வரிசிப் பாக்கெட்டில் அவ்வளவு பயமுறுத்த வேண்டாம், ஒரே ஒரு வரி போதும்: "இது மட்டும் குழந்தைக்கு உணவாகாது." சேலத்து ஆலைகள் தாங்களாகவே முன்வந்து அதை அச்சிடட்டும். அச்சிடும் வரை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.