உடுமலை வெயிலில் ஃபிலிம் கழுவ எந்த டெவலப்பர்?

டெவலப்பர் தயாரிப்பவர்கள் சொல்லும் நேரமெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரிக்கானது. சித்திரை மாதத்து மேல்தொட்டித் தண்ணிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், குளிருக்கும் தூசியில்லாத காற்றுக்கும்தான் ஊட்டியைப் பிடித்தது. கீழே இருக்கும் நமக்கு வாய்த்தது வெயில், ஆடிக் காற்றுப் புழுதி, போர்வெல் உப்புத்தண்ணி. கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவ நினைப்பவர் இவற்றை வைத்துத்தான் டெவலப்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாதம் மூன்று நான்கு ரோல் எடுப்பவருக்கு டி-76, அல்லது அதற்கு இணையான ஐடி-11. இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸை நீர் கலக்காத கரைசலில் கழுவ 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 27 டிகிரியில் அது நான்கு நிமிடம் அளவுக்குச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தாலே வானம் திட்டுத்திட்டாக விழ வாய்ப்புண்டு. ஆகவே சமபங்கு நீர் கலந்துவிடுங்கள்: ஐடி-11க்கு 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9. நம் ஊருக்கு இந்த அவகாசம் வேண்டும். நீர் கலக்காத கரைசல் ஒரு லிட்டர் இருந்தால் இப்படிக் கலந்து ஆறு ரோல் கழுவலாம். ஆனால் பாதி காலியான பாட்டிலில் அது இரண்டு மாதம்தான் தாங்கும்.

எப்போதாவது ஒரு ரோல் எடுப்பவருக்கு ரோடினால். 1891இல் வந்த சரக்கு. பாட்டிலில் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒன்றுக்கு ஐம்பது கலந்தால் ஒரு ரோலுக்கு 6 மில்லி போதும். 400 வேக ஃபிலிமில் மணல்மணலாகத் தெரியும். முகங்கள் எடுப்பவருக்குப் பிடிக்காது, பாறையும் பனையும் எடுப்பவருக்குப் பிடிக்கலாம்.

காபியிலும் கழுவலாம். 1995இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஒரு கல்லூரி வகுப்பில் பிறந்த வித்தை: இன்ஸ்டன்ட் காபியும் சலவைச் சோடாவும்; வைட்டமின் சி பின்னால் சேர்ந்தது. ஆப்பச் சோடா போட்டால் வேலைக்காகாது. நாற்றம் தாங்காது, லிட்டருக்கு 40 கிராம் காபித்தூள் என்பது மலிவும் அல்ல. விளையாட்டுக்குச் செய்யலாம், கல்யாண ரோலை அதில் போடாதீர்கள்.

டேங்க் வாங்கும்போது யோசியுங்கள். பிளாஸ்டிக் ரீல் பழகுவதற்கு எளிது. ஆனால் சேஞ்சிங் பேக்குக்குள் கை வியர்த்தால் ஃபிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். ஸ்டீல் ரீலுக்குக் கை பழக நாளாகும். வீணான ரோல் ஒன்றை வைத்து வெளிச்சத்திலேயே பழகுங்கள். ஸ்டீல் டேங்க் சீக்கிரம் குளிரும் என்பதால் கோடையில் என் ஓட்டு அதற்கே. அகலமான குண்டாவில் பானைத் தண்ணி, நாலு ஐஸ் கட்டி. டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ மூன்றையும் அதில் நிறுத்துங்கள். ஒன்று குளிர்ந்து ஒன்று சுட்டால் ஃபிலிமின் பூச்சு சுருங்கிப்போகும்.

கலக்குவதற்குத் திருமூர்த்தி அணைக் குடிநீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். உப்புத்தண்ணி காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஆடியில் மொட்டை மாடியில் காயப்போடாதீர்கள், கதவடைத்த குளியலறையே நல்லது.

டெவலப்பர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரோடினால் வாங்குங்கள். கழுவி முடித்தபின் ஒன்று: பழைய ஹைப்போவில் வெள்ளி இருக்கும். அதைத் தென்னை மூட்டில் ஊற்றாமல் கேனில் சேர்த்துவையுங்கள், வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுக்கலாம்.